பதின்மூன்றாவது படம்

ஐ.டி.ஐ.யில் முப்பது வருஷம் ஃபிட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற சபாபதி, நிலோஃபர் டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். டீச்சருக்கு அவர் மகளைவிட இரண்டு வயது குறைவு. மேலப்பாளையத்தில், பேச்சு வராத பிள்ளைகளை டேப்லெட் மூலம் பேசப் பழக்குகிறவர் டீச்சர்; அந்த வேலையைக் கற்கத்தான் சபாபதி வந்தார். திரையில் படத்தைத் தொட்டால் டேப்லெட் அந்தச் சொல்லைச் சொல்லும்.

சபாபதியிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை இசக்கி. ஒன்பது வயது. ஒரு கைதான் சொன்னபடி கேட்கும், அதுவும் பாதி நேரம்.

அவளுக்காகச் சபாபதி திரைமேல் ஓர் அக்ரிலிக் தகடு பொருத்தினார். பன்னிரண்டு படங்களுக்கு நேராகப் பன்னிரண்டு ஓட்டைகள். கை வழுக்கினாலும் பக்கத்துப் படத்தில் படாது. ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் மட்டும் பேசும்படியும் மாற்றினார். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது.

இசக்கி டேப்லெட்டை முழங்கையால் தள்ளிக் கீழே போட்டாள்.

"இந்த வாரத்துல ஏழாவது தடவ டீச்சர்" என்றார் சபாபதி. "சனிக்கிழம டேப்லெட் கொடுத்த டிரஸ்ட்லருந்து பாக்க வாராங்க. பேசலன்னா டேப்லெட்ட வேற பிள்ளைக்குக் கொடுத்துருவாங்களே."

"என்ன செய்யப் போறீங்க சார்?"

"விட மாட்டேன்."

புதன்கிழமை தகட்டின் நான்கு மூலையிலும் திருகு போட்டு டேப்லெட்டை மேசையோடு இறுக்கினார். இசக்கி தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சபாபதி எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை.

"இனி தள்ள முடியாதுல்லா டீச்சர், ஏன் இன்னும் பேச மாட்டேங்கா?"

மதியம் டீச்சர் அவரை அதே மேசை முன்னால் உட்காரச் சொன்னார்.

"வாயத் திறக்கக் கூடாது. எதுனாலும் இதுல தொட்டுச் சொல்லுங்க."

பிறகு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே நாலு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். சபாபதிக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அது டீச்சருக்கும் தெரியும்.

"குடிங்க சார்."

சபாபதி திரையைப் பார்த்தார். சோறு, தண்ணீர், பால், பாட்டு, பந்து, பாத்ரூம் என்று பன்னிரண்டு படங்களையும் தேடினார். மறுபடி முதலிலிருந்து தேடினார்.

"ஆறிரும். குடிங்க."

டம்ளர் இன்னும் கிட்டே வந்தது. அவருக்கு எரிச்சல் முட்டியது. டேப்லெட்டைப் பிடித்துத் தள்ளினார். அது அசையவில்லை. அவர் போட்ட திருகுதானே.

பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து நான்கு திருகையும் கழற்றினார்.

"'வேண்டாம்' எங்க வைக்கட்டும் டீச்சர்?"

"அவ கை தானா போய் விழுற இடத்துல."

அன்றைக்கே புதுத் தகடு வெட்டினார். இடது மூலையில், மற்றவற்றைவிடப் பெரிதாகப் பதின்மூன்றாவது ஓட்டை.

வியாழக்கிழமை இசக்கி அதைக் கண்டுபிடித்தாள். இட்லி வேண்டாம். பாட்டு வேண்டாம். அம்மா முப்பிடாதி ஆசையாக வைத்துவிட்ட பூவும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் அதே கதை.

"எதக் கேட்டாலும் வேண்டாங்கா" என்றார் சபாபதி. "நாளைக்கு மானம் போயிரும் டீச்சர்."

"ஒம்பது வருஷம் ஊட்டுனதெல்லாம் முழுங்குன பிள்ள. ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

சனிக்கிழமை டிரஸ்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார்.

"பந்து எது, தொடு பாப்போம்."

"வேண்டாம்" என்றது டேப்லெட்.

"சரி, பால் எது?"

"வேண்டாம்."

அந்த அம்மாள் இன்னும் மூன்று முறை கேட்டார். பாவம், அவருக்கும் மனம் வரவில்லை. படிவத்தில் என்னவோ எழுதிவிட்டு, டேப்லெட்டை எடுக்க அதன் அடியில் கை கொடுத்தார்.

இசக்கியின் கை கிளம்பியது. காற்றில் தடுமாறி, தகட்டில் முட்டி, நழுவி, மறுபடி ஏறியது. சபாபதி எழுந்தே விட்டார். கை மூலைக்கு வந்து அழுத்தியது. ஒரு விநாடி.

"வேண்டாம்."

அந்த அம்மாள் நின்றார்.

"எடுக்க வேண்டாமா?"

இசக்கி அவரை நேராகப் பார்த்தாள். கை அந்த இடத்தை விட்டு எழவில்லை.

"வேண்டாம். வேண்டாம்."

முப்பிடாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு, படிவத்தில் எழுதியதை அடித்தார்.

எல்லோரும் போன பிறகு சபாபதி புது அக்ரிலிக் தகடோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்து அவளுக்கு என்னென்ன படம் போடட்டும் டீச்சர்?"

"அவகிட்டயே கேளுங்க சார். 'வேண்டாம்' வைக்குற வரைக்கும் நாம அவகிட்ட கேட்டது எதுவும் கேள்வியே இல்ல."