பதினெட்டு ஆகக் காத்திருந்த பிக்கப்

எருக்கம்பாளையத்துக்காரர்கள் புத்திசாலிகள். சந்தேகம் இருந்தால் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். ஒருத்தர்கூட மாற்றிச் சொல்ல மாட்டார். அந்த ஊரிலேயே புத்தி கொஞ்சம் தூக்கலானவர் என்று பெயரெடுத்தவர் சென்னியப்பன். அவருடைய தோட்டத்தில் தக்காளி பழுத்துவிட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

போன தடவை தக்காளியை மாட்டு வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனார். தோட்டத்தில் ஏறியது தக்காளி, சந்தையில் இறங்கியது ரசம். வியாபாரி கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மிளகு மட்டும் தட்டிப் போட்டாப் போதுமுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். அப்போது மனைவி பூவாத்தாள் பொறுத்துக்கொண்டாள். இந்தத் தடவை சொல்லிவிட்டாள்.

"இந்தத் தக்காளியும் ரசமாச்சுன்னா நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் ரசமும் நீங்களே வெச்சுக்குங்க."

சென்னியப்பனுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது.

ஆகவே ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்குவதென்று முடிவாயிற்று. துணைக்கு இரண்டு பேர் கிளம்பினார்கள். தங்கை புருஷன் அங்கமுத்து மாட்டுத் தரகில் ஊறியவன். உலகத்தில் எதைக் கண்டாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றுதான் யோசிப்பான். பங்காளி திருமலையாண்டி, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அவனிடம் வேறு குற்றம் கிடையாது, அது ஒன்றே தாராளமாகப் போதும்.

மூவரும் முதலில் மெக்கானிக் ரபீக் பாயிடம் போனார்கள். பாய் தொழில் தெரிந்த மனுஷன். அவர் செய்த ஒரே தப்பு வாயைத் திறந்ததுதான்.

"பழைய வண்டின்னா வருஷம் பாத்து வாங்கணும். நீங்க சொல்ற பிக்கப்புல பதினெட்டாம் வருஷ மாடல்தான் தங்கம். பதினேழு வேண்டாம், கியர் பாக்ஸ் மக்கர் பண்ணும். பத்தொம்போதும் வேண்டாம், வயரிங் தகராறு. வாங்கினப்பறம் தெரியாம எதையும் தொடாதீங்க."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எருக்கம்பாளையத்தை யாரும் ஜெயிக்க முடியாது.

பழைய வண்டி ஷெட்டில் இரண்டு பிக்கப்புகள் நின்றன. வெள்ளை வண்டி பதினெட்டாம் வருஷம், பச்சை வண்டி பதினேழு என்று வண்டித் தரகர் ஒளிக்காமல் சொன்னார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் வெள்ளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். சென்னியப்பனும் அதைத்தான் செய்யப் போனார். அங்கமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவசரப்படாதீங்க மச்சான். இது இப்பப் பதினெட்டு. அடுத்த வருஷம்?"

சென்னியப்பன் மோவாயைத் தடவி யோசித்தார். "பத்தொம்போது."

"பத்தொம்போத பாய் என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னாரு."

"பாத்தீங்களா! பல்லு கொட்டப்போற மாட்டைப் போய் யாராச்சும் பிடிப்பாங்களா? இந்தப் பச்சையப் பாருங்க. பதினேழு. கிடாரிக் கன்னு. ஒரு வருஷம் கட்டிப்போட்டுத் தீனி வெச்சா நம்மூட்டுலயே பதினெட்டாகும். அந்தத் தங்கமான வருஷம் முழுசும் நமக்குத்தான்."

சென்னியப்பனுக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு மாப்பிள்ளைக்குத் தங்கையைக் கொடுத்தோமே என்று பெருமையாக இருந்தது.

திருமலையாண்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "பதினேழு வேண்டாம்னாரேண்ணா?"

"ஓட்டத்தாண்டா வேண்டாம்னாரு," என்றார் சென்னியப்பன். "பதினெட்டு முடியாதவங்களுக்குச் சர்க்காரே லைசென்ஸ் தர்றதில்ல. வெவரம் இல்லாமயா வெச்சிருக்காங்க?"

தரகர் பாவம், நடுவில் புகுந்து, "அண்ணா, அது அப்பிடி இல்லீங்க, வண்டிக்கு வருஷம்ங்கறது…" என்று ஆரம்பித்தார். அங்கமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தான். எத்தனை தரகரைப் பார்த்தவன் அவன்! தரகர் வாயை மூடிக்கொண்டு, இருமல் வந்தவர்போல வெளியே போய்விட்டார்.

அங்கமுத்து பச்சை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். நெற்றியில் சொட்டென்று எண்ணெய் விழுந்தது. அதோடு பேரம் முடிந்தது.

"மச்சான்! இப்பவே மடி எறங்கிப் பால் சொட்டுது!"

தரகரே வண்டியை ஓட்டிவந்து வாசலில் விட்டார். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. இவர்கள் மனசு மாறுவதற்குள் பஸ் பிடித்துவிட்டார். மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், மாடுகளுக்குப் பக்கத்தில் தென்னை மரத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள். முன்னால் ஒரு கட்டு வைக்கோலும் வைத்தார்கள்.

பூவாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "வந்திருச்சா? அப்ப வெடிஞ்சதும் தக்காளியை ஏத்திரலாமுல்ல?"

"இதுலயா? நல்லாருக்குது நாயம். எளங்கன்னு, முதுகு ஒடிஞ்சிரும். அடுத்த வருஷந்தான் பாரம் ஏத்தோணும்."

பூவாத்தாள் வைக்கோலைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பையை இறக்கினாள். சேலை மடித்து வைக்கிற சத்தம் சென்னியப்பனுக்கு வாசல்வரை கேட்டது. பயந்துபோய்விட்டார். மாட்டு வண்டியிலேயே தக்காளியை அலுங்காமல் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறேன், அதுவரை பையை மூடாதே என்று சாமிமேல் சத்தியம் செய்தார்.

விடிந்ததும் மாட்டு வண்டி நிறைய வைக்கோல் பரப்பி, கூடைகளைப் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அடுக்கினார்கள். கிளம்பும்போது அங்கமுத்து, "மச்சான், கன்னும் கூட வரட்டும்," என்றான். "இப்பவே வழி பழக்கோணும். இல்லீன்னா அடுத்த வருஷம் சந்தைக்குப் போற வழி தெரியாம நிக்கும்."

நியாயம்தானே? பிக்கப்பை அவிழ்த்து மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டினார்கள். திருமலையாண்டியை உள்ளே உட்காரவைத்து, "பாய் சொன்னது ஞாபகம் இருக்குதல்ல? எதையும் தொடாதே. அது தானாப் பழகட்டும்," என்றார் சென்னியப்பன். அவன் கையைக் கட்டிக்கொண்டான். காலையும் சீட்டுமேல் மடித்து வைத்துக்கொண்டான்.

வாய்க்கால் மேட்டில் மாடுகள் நுரை தள்ளி ஏறின. உச்சிக்கு வந்ததும் சென்னியப்பன் கூடைகளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பழம்கூட நசுங்கவில்லை. பூவாத்தாள் பையைப் பிரித்துச் சேலைகளைத் திரும்ப எடுத்து வைப்பது கண்ணுக்குள் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே வண்டியை இறக்கத்தில் விட்டார்.

பின்னாலிருந்து திருமலையாண்டி கத்தினான். "அண்ணா, வருதுங்கண்ணா! நான் எதையும் தொடலீங்கண்ணா!"

தடாலென்று ஒரு சத்தம். மாடுகள் துள்ளின. பிக்கப் மாட்டு வண்டியின் பின்பலகையை உடைத்துக்கொண்டு, மூக்கைத் தக்காளிக் கூடைகளுக்குள் நுழைத்து நின்றுவிட்டது. தக்காளிச் சாறு ஒழுகிப் பிக்கப்பின் முகமெல்லாம் வழிந்தது.

சென்னியப்பன் இறங்கி வந்து பார்த்தார். கண்ணுக்குள் பூவாத்தாளின் அண்ணன் வீடு தெரிந்தது, அணைந்த அடுப்பு தெரிந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அங்கமுத்து அவர் தோளைத் தொட்டான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, வேறு காரணத்துக்கு.

"அழுவாதீங்க மச்சான். நல்லாப் பாருங்க. தாயை முட்டி முட்டிப் பால் குடிக்குது. நேத்துத்தான் வந்துச்சு, அதுக்குள்ள எப்பிடி ஒட்டிக்கிச்சு பாத்தீங்களா!"

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அட, ஆமாம். அழுகை நின்றுவிட்டது. இதைப் போய்ச் சொன்னால் பூவாத்தாளுக்கே மனசு இளகிவிடும், அவளும் பிள்ளை பெற்றவள் அல்லவா? பக்கத்தில் போய்ப் பிக்கப்பின் நெற்றியைப் பிரியமாகத் தடவிக் கொடுத்தார். தடவிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பதறிப்போய்க் கத்தினார்.

"டேய் திருமல, இழுடா பின்னால! கூடை கூடையாக் குடிக்குது, கன்னுக்கு வயித்துக் கழிச்சல் புடுங்கிரும்!"