நோட்டில் எழுதாத சாப்பாடு

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சிறிய தியான இல்லம். அதன் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் அமலோற்பவம். ஜெபிக்கவும் மௌனமாக இருக்கவும் கற்றுக்கொள்ள, சனிக்கிழமைதோறும் அவரிடம் சிலர் வருவார்கள். அவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. கான்வென்ட் பள்ளியில் படித்தபோது சிஸ்டர் அவளுக்கு மூன்றே வகுப்பு மேல். இருந்தாலும் மற்றவர்களைப் போல அவளும் ‘மதர்’ என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று நான்கு வயது மகள் அக்சீலியாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகும் ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை.

“மதர், தப்பே செய்யாதவங்களை ஆண்டவர் தண்டிப்பாரா?”

“யாரு அந்தத் தப்பே செய்யாத ஆளு?”

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து எழுதி வரும் நோட்டு. இடது பக்கம், சாப்பிட்டது. வலது பக்கம், இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் பார்த்த அளவு.

மதர் புரட்டினார்.

“ரெண்டு சப்பாத்தி, கீரை. ஒரு கரண்டி சோறு, வெள்ளரிக்காய். மறுபடியும் கீரை. தவக்காலத்துலகூட நாங்க இவ்வளவு கட்டுப்பாடாச் சாப்பிட மாட்டோம், ஜெசி.”

“வலது பக்கம் பாருங்க.”

இருநூற்று நாற்பது. இருநூற்று அறுபத்தெட்டு. இருநூற்று முப்பத்தைந்து.

“மெஷின்ல கோளாறோ?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். புதுசா இன்னொண்ணு வாங்கினேன். இப்ப ரெண்டும் ஒண்ணா சேர்ந்துகிட்டு என்னைத் திட்டுது.”

“மாத்திரை?”

“ஒரு வேளைகூட விட்டதில்ல. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா மருந்தைக் கூட்டணும்னு டாக்டர் சொல்லிட்டார். எழுதாம எதையோ சாப்பிடுறீங்கன்னு சிரிக்கிறார். பைபிள் மேல சத்தியமா மதர், ஒரு மிட்டாய்கூடத் தொடல.”

“சத்தியமெல்லாம் எதுக்கு? ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போங்க.”

மதியச் சாப்பாடு. சோறு, பருப்பு, கீரைப் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், வாழைப்பழம். ஜெசிந்தா தன் தட்டில் ஒரே ஒரு கரண்டி சோறு வைத்து, கீரையை நிறையப் போட்டுக்கொண்டாள். மகளின் தட்டில் சோற்றைக் குவித்து, நெய் ஊற்றிப் பிசைந்தாள்.

மதர் எதிரே உட்கார்ந்தார். அவர் முன்னால் ஒரு காலித் தட்டு.

ஜெசிந்தா தன் தட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டு மகளுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

“போதும்மா” என்றாள் அக்சீலியா.

“இன்னும் ஒரே வாய்டி.”

“அப்பவும் ஒரே வாய்னுதான் சொன்ன.”

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. உருட்டிய சோறு கொஞ்ச நேரம் விரலிலேயே நின்றது. பிறகு ஜெசிந்தாவின் வாய்க்குள் போனது.

மதர் ஒரு வாய் அளவு சோறெடுத்துக் காலித் தட்டில் வைத்தார்.

இப்படியே போயிற்று. மகளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். இரண்டு துண்டு வறுவல். குழந்தை கடித்து வைத்த வாழைப்பழத்தில் பாதி. ஒவ்வொரு முறையும் மதரின் கை காலித் தட்டுக்குப் போய் வந்தது.

“யாராவது சாப்பிட வர்றாங்களா மதர்?”

“வந்தாச்சு.”

ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. மதர் அந்தத் தட்டை மூடி வைத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து, ஜெசிந்தா விரலில் ஊசி குத்தி மெஷினில் ரத்தத்தை வைத்தாள். அக்சீலியா அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இருநூற்று ஐம்பத்தொன்பது.

“பாருங்க. ஒரு கரண்டி சோறு. நீங்களே பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்று மதர் மூடியிருந்த தட்டைக் கொண்டுவந்து திறந்தார். தட்டு நிறையச் சோறு. மேலே வறுவல், பாதி வாழைப்பழம்.

“இது யாருக்கு?”

“இதை நீ சாப்பிட்டாச்சு. நீ ஒரு வாய் எடுத்தா நானும் ஒரு வாய் எடுத்து வெச்சேன்.”

ஜெசிந்தா தட்டையே பார்த்தாள்.

“அது பாப்பாவோட மிச்சம், மதர். அதையெல்லாமா சாப்பாடுன்னு எழுதுவாங்க? வீணாகக் கூடாதேன்னு வாயில போட்டுக்கிறது.”

“அது யார் தட்டுச் சோறுன்னு உன் ரத்தத்துக்குத் தெரியாதே.”

ஜெசிந்தா வலது பக்கத்து எண்களை விரலால் தடவினாள். காலையில் பாலில் ஊறிய பிஸ்கட். சாயங்காலம் பாதி தோசை. ஒன்றுகூட இடது பக்கத்தில் இல்லை.

“பிள்ளைக்கு அளவாப் போட்டா மிச்சமே வராதே” என்றார் மதர்.

“முடியல.”

“ஏன்?”

ஜெசிந்தா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

“முன்னாடியெல்லாம் அளவாத்தான் போடுவேன். எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சதுலேர்ந்துதான் இப்படி. எங்கம்மாவுக்கும் இதுதான். அம்பத்தோரு வயசுல காலை எடுத்தாங்க, அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாங்க. நான் போயிட்டா இவளுக்கு யாரு பார்த்துப் பார்த்துப் போடுவா? கரண்டியைக் கையில எடுத்தாலே அந்த நினைப்புதான் வருது. இருக்கும்போதே போட்டுடுவோம்னு கை நிக்க மாட்டேங்குது.”

“அவ சாப்பிடுறாளா?”

“பாதிதான்.”

“மீதி?”

தூக்கத்தில் குழந்தை புரண்டு படுத்தது.

“நாளையிலேர்ந்து ஒரு சின்னக் கரண்டி போடு” என்றார் மதர்.

“பத்தலைன்னா? பிள்ளைக்குப் பசிக்குமே மதர்.”

“பசிச்சா கேப்பா, ஜெசி. அவ கேக்கும்போது நீ இருக்கணும்.”