நாலு தெருவுக்கு நாலு நட்டு

ஊர்ப் பேரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள். கரிசல்காட்டில் நாலு தெரு உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் மரியாதை யாருக்கு என்று முடிவாகாமல் எந்த வேலையும் நடக்காது. கிணற்றில் விழுந்த மாட்டுக்கு முதல் கயிற்றை யார் போடுவது என்று ஒருமுறை பேசி முடிப்பதற்குள், மாடே படியேறி வந்துவிட்டது.

ஊருக்குப் பொதுவாக ஒரு சின்னத் தண்ணீர் இன்ஜின் இருந்தது. டூ ஸ்ட்ரோக், கயிற்றைச் சுண்டினால் ஓடும். மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹெட்டை, அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணிகளான நாலு ஸ்டட்டும் அவற்றின்மேல் நாலு நட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். தெருவுக்கு ஒரு நட்டு. போன வாரம் 'எங்கள் தெரு நட்டுதான் இறுக்கம்' என்று நாலு தெருத் தலைவர்களும் போட்டிபோட்டு முறுக்கியதில், நாலு ஸ்டட்டிலும் மரை போய்விட்டது. தலைவர்களுக்கு அது முன்பே போயிருந்தது.

இந்த வாரம் தண்ணீர் முறை பேச்சியம்மாளுக்கு. அரை ஏக்கர் மிளகாய், பூத்து நிற்கிறது. இன்றைக்கும் தண்ணீர் பாயாவிட்டால் பூ கொட்டிவிடும். வருஷத்துச் சோறே அவளுக்கு அதுதான்.

மெக்கானிக் காசிம் பாய் புது ஸ்டட் நாலையும் தலைவர்கள் கையில் கொடுத்துச் சொன்னார்: "பழைய ஸ்டட்ல மரை மிச்சமிருக்கிற இடமாப் பாத்து ரெண்டு நட்டப் போட்டு, ஒண்ணோட ஒண்ண நெருக்கி, அடி நட்டத் திருப்புங்க. ஸ்டட்டே கழண்டு வரும். புதுசப் போட்டு ஹெட்ட வச்சதும், நாலையும் சமமா இறுக்கணும் அண்ணாச்சி. எதையும் முதல்ல முறுக்கிறாதீங்க."

கழற்றுவதில் மரியாதை கிடையாது. அதனால், "நீரு கழட்டும்வே", "இல்ல, நீரு கழட்டும்" என்று நால்வரும் உபசரித்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் பொறுக்கமாட்டாமல் தானே கழற்றி, புதுசையும் போட்டு, ஹெட்டையும் வைத்துவிட்டாள். அவள் நட்டை எடுத்தபோதுதான் மேலத்தெரு சொரிமுத்து துள்ளி எழுந்தார்.

"ஏ பேச்சி, தள்ளி நில்லு! நட்டு போடுறது மரியாதைப்பட்ட காரியம். மேலத்தெருதான் முதல்ல."

"முதல்ல முறுக்கக் கூடாதுன்னு பாய் சொல்லிட்டாரே" என்றார் கீழத்தெரு ஆவுடையப்பன்.

"அப்ப நான் ரெண்டாவது" என்றார் வடக்குத்தெரு பலவேசம்.

"முதல் ஆளே இல்லாம ரெண்டாவது ஏதுவே?" என்றார் ஆவுடையப்பன்.

நியாயம்தான். ஆகவே ஒரே நேரத்தில் நாலு ஸ்பானரையும் போட்டார்கள். உள்ளங்கை அகல இடம். ஸ்பானர் நட்டில் விழுந்ததைவிட விரலில் விழுந்ததே அதிகம்.

தெற்குத்தெரு பூதத்தான் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார்: "யாருமே முறுக்காட்டி நாலும் சமமாத்தான இருக்கும்? பாய் சொன்னதும் அதான!"

எல்லோரும் அசந்துபோனார்கள். அவரவர் தெரு நட்டை அவரவர் வேட்டி மடியில் பத்திரமாகச் சொருகிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, நட்டு இல்லாம எப்படி ஓடும்?" என்று பேச்சியம்மாள் பதறினாள்.

"மரியாதை இல்லாம ஓடுறதுக்கு, நட்டு இல்லாம ஓடட்டும்" என்றார் சொரிமுத்து.

நால்வரும் தேர்வடம் பிடிப்பதுபோல் சேர்ந்து கயிற்றைச் சுண்டினார்கள். 'டொப்' என்றது. ஹெட் எம்பிக் குதித்துப் பூதத்தான் காலடியில் விழுந்தது.

"பாத்தீரா! தலப்பாவக் கழட்டி என் கால்ல வச்சிட்டு! முதல் மரியாதை தெற்குத்தெருவுக்கு!"

மற்ற மூவரும் ஒப்பவில்லை. திரும்ப வைத்தார்கள், திரும்பச் சுண்டினார்கள். உச்சிப்பொழுதுக்குள் ஹெட் பலவேசத்தின் முட்டியில் ஒருமுறையும் ஆவுடையப்பனின் சோற்றுத் தூக்கில் ஒருமுறையும் விழுந்தது. சொரிமுத்து இடம் மாற்றி மாற்றி நின்றும் அவர் பக்கம் வரவே இல்லை.

அப்போது பேச்சியம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "பாவிகளா, செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டே!"

நால்வரும் மிளகாய்க் காட்டுக்கு ஓடினார்கள். அரை ஏக்கர் மிளகாயும் தலைகுனிந்து நின்றது. சொரிமுத்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இதுல்லா மரியாதை! ஆனா எந்தத் தெருவப் பாத்துக் குனிஞ்சிருக்கு?"

"இன்ஜின் கயித்தக் கொண்டாங்கவே, அளந்துருவோம்" என்றார் பலவேசம். பிறகு, குடத்தோடு கிணற்றுப் பக்கம் ஓடிய பேச்சியம்மாளைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்:

"ஏ பேச்சி, நாங்க அளந்து முடிக்கிற வரைக்கும் தண்ணிகிண்ணி ஊத்தி நிமித்திப் போடாத!"