அன்னமயில் கல்லும் இரண்டு வாக்குகளும்

பவளக்கொடி தையற்கடை வைத்திருப்பவள். அளவெடுக்காமல் ஒரு முழத் துணியைக்கூட வெட்டமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் அளவெடுக்காமல் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இது. விடை சொல்ல நினைப்பவர்கள் கொஞ்சம் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கோடாங்கிநல்லூரில் ஊர் வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று மூன்று பேர் கிளம்பியிருந்தார்கள். பவளக்கொடி ஒருத்தி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற வைரவன் இன்னொருவர். மூன்றாமவன் போட்டோ ஸ்டூடியோ ஜெபமணி. மூடிக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய சாமான்களைச் சேர்த்தார்கள். வீட்டில் சோறு ஆறியதுதான் மிச்சம் என்று ஊர் கேலி பேசியது. ஆனாலும் கேட்டதைக் கொடுத்தது.

அந்தச் சமயம் பார்த்துச் சாலையை அகலப்படுத்த வந்துவிட்டார்கள். சந்தைக்குப் பிரியும் முக்கில் ஒரு சுமைதாங்கி உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், இறக்க முடியாத சுமையோடு போய்விட்டாளே என்று அவள் பேரில் இப்படிக் கல் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நட்டுவைத்த கால் இரண்டு, குறுக்கே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறினால் அவள் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. இந்தக் கல் அன்னமயில் என்பவளுக்காக நட்டது. அவளுடைய அண்ணன் மகன் சீனிச்சாமி, எழுபது வயதைத் தாண்டியவர், ஊரிலேயே இருந்தார்.

மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்க, பவளக்கொடி கல்லைக் கேட்டு அவரிடம் ஓடினாள்.

"எடுத்துட்டுப் போ தாயி. ஆனா ரெண்டு விசயம். கல்லுக்கு ஒரு சேதாரமும் வரக்கூடாது. சுமையோட வர்றவுகளைத் தடுக்கவும் கூடாது."

"சரி பெரியப்பா, ரெண்டுக்கும் நான் பொறுப்பு" என்றாள் அவள். இயந்திரச் சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

கல்லைச் சொசைட்டிக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து, வருஷக்கணக்காக அப்பியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவினார்கள். கால் இரண்டும் கன்னங்கரேல் என்றிருந்தன. பலகைக்கல் மட்டும் செம்மண் நிறம். கால்களின் தலையில் பழைய சாந்து இறுகிக் கிடந்தது, அதன்மேல் வேறொரு சாந்து. ஜெபமணி எல்லாவற்றையும் படம் எடுத்தான். அப்போதுதான் பலகையின் நடுவில் ஓடிய விரிசல் கண்ணில் பட்டது. ஒரு மூட்டையை வைத்தால் இரண்டாகிவிடும். வைரவன் பதறிப்போய்க் கல்லைச் சுற்றிக் கம்பி கட்டி, 'தொடாதீர்கள்' என்று அறிவிப்பும் மாட்டினார். சுமை இறக்கத்தான் நட்ட கல் என்பது அந்த நேரத்தில் மூவருக்குமே மறந்துவிட்டது.

மறுவாரம் கீரைக்காரி ஒருத்தி கல்லைத் தேடி வந்தாள். கம்பியையும் அறிவிப்பையும் பார்த்துவிட்டு, கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே திரும்பிப் போனாள். சேதி சீனிச்சாமிக்குப் போயிற்று.

"ஞாயித்துக்கெழம வண்டியோட வருவேன். சொன்ன சொல்லு ரெண்டும் நிக்கணும். இல்லன்னா கல்லைக் கொண்டுபோயி என் கொல்லையில நட்டுக்கிருவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

பவளக்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல் போவது ஒரு பக்கம். வாக்குத் தவறியவர்கள் என்று பேர் வந்துவிட்டால், இனி எந்த வீட்டுப் படி ஏறி எதைக் கேட்பது?

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"கல்லு இங்கனயே இருக்கட்டும். மேல ஒரு காலிக் கூடையை வச்சுருவோம், சுமை வச்ச மாதிரியும் ஆச்சு" என்றார் வைரவன்.

"கூடையைப் பார்த்தா யாருக்கு அண்ணாச்சி தலைவலி தீரும்?" என்று சிரித்தான் ஜெபமணி. "அப்படியே கொண்டுபோயி, சந்தைக்குப் போறவுக நிக்கிற புது பஸ் ஸ்டாப்புல நட்டுருவோம். சுமை தாங்கி உடைஞ்சா உடையட்டும்."

பவளக்கொடி யோசித்து யோசித்து ஒன்று சொன்னாள். "விரிசல் விட்ட பலகையை இங்க பத்திரமா வைப்போம். கால் ரெண்டையும் பஸ் ஸ்டாப்புல நட்டு, மேல புதுப் பலகை போடுவோம்."

"அப்ப அது அன்னமயில் கல்லே இல்லையே தாயி. நாம செஞ்ச கல்லுல்ல அது!" என்று வைரவன் அவள் வாயை அடைத்துவிட்டார்.

நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். மூவரில் யார் சொன்ன வழி சரி? வைரவனின் கேள்விக்கு என்ன மறுமொழி?

விடை: பவளக்கொடியின் வழிதான் சரி. காலும் பலகையும் வேறுவேறு நிறம், சாந்தும் இரண்டு தடவை பூசியது. அப்படியென்றால் பலகை முன்பே ஒருமுறை உடைந்து, அந்தக் காலத்திலேயே வேறு பலகை போட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் அது அவள் கல்லாகத்தான் இருந்தது. வைரவனின் வழியில் ஒரு வாக்கு நிற்கும், ஜெபமணியின் வழியில் மற்றொன்று நிற்கும், இரண்டும் நிற்பது பவளக்கொடியின் வழியில்தான். ஜெபமணி எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வைரவனும் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமி வண்டியோடு வந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்ற கல்லைத் தடவிப் பார்த்தார், வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஆனால் சண்டை போடாமல் போகவில்லை. புதுப் பலகை கனம் கூடுதலாம், கல் உயர்ந்துவிட்டதாம். "எங்க அத்தை குள்ளம். அவ தோள் உசரத்துக்கு அளந்துல்ல நட்டாக!" என்றார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னமயிலைப் பற்றி அதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.