வயலுக்குள் இறங்கிய மூங்கில்

முன்னொரு காலத்தில், ஒரே ஏரியை நம்பி உலை வைத்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு அரசவை விகடன் கொற்றன், கடைமடை வயலொன்றில் மண்டியிட்டு, தான் தோண்டிய குழியை முறைத்துக்கொண்டிருந்தான். மேல்மண் காய்ந்து மயிரிழையாக வெடித்திருந்தது. பயிரோ பச்சைப் பசேலென்று நின்றது. குழியின் அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. தினமும் அது எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால், வயல் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் மறுநாள் வந்து பார்த்தால் சேறு சரிந்து குழி மூடியிருக்கும். மூன்று நாளாக இதே தொல்லை.

அவன் தலையே இந்தக் குழியை நம்பித்தான் இருந்தது.

மதகைத் திறந்தே வைத்தால் இருபது நாளில் ஏரி வற்றிவிடும். அறுவடைக்கோ ஐம்பது நாள் இருந்தது. "மதகை அவ்வப்போது மூடலாம், அரசே. நெல்லுக்கு வேர் நனைந்தால் போதும். அது எந்நேரமும் நீந்த வேண்டியதில்லை" என்று மூன்று நாள் முன்பு கொற்றன் சபையில் சொன்னான். அரசர் சிரித்தார். பிரதானி திருமேனியாருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"வயலில் தண்ணீர் தெரியாவிட்டால் குடிகள் அலறுவார்கள், அரசே. இவன் விளையாடுவது தங்கள் பெயரோடு" என்றார்.

தம் நாட்டு வயல்கள் கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்பது அரசரின் ஆசை. அவர் முகம் மாறியது.

"கொற்றா! இன்று முதல் மதகு உன் பொறுப்பு. பத்தாம் நாள் வருவேன். ஒவ்வொரு வயலிலும் என் கண் தண்ணீரைக் காண வேண்டும். ஒரு வயலில் காணாவிட்டாலும் உன் தலை போகும். அறுவடைக்கு முன் ஏரி வற்றினாலும் போகும்."

வயல்களை நிரப்பினால் ஏரி வற்றும். நிரப்பாவிட்டால் அரசர் கண்ணுக்குத் தண்ணீர் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் வாள்தான்.

"என்னய்யா, எம் வயலெல்லாம் பெருச்சாளி மாதிரி பறிச்சு வச்சிருக்கீரு?" வயலுக்குச் சொந்தக்காரி மாராயி வரப்பில் நின்று கத்தினாள். "தண்ணிய வுடாம வேடிக்கை பாக்குறீரே! உமக்குத் தலைதான் போவும். எங்களுக்குச் சோறே போவும்!"

"குழி நிக்க மாட்டேங்குதே, அக்கா!"

"கோடையில ஆத்துல ஊத்துத் தோண்டுனா மட்டும் நிக்குதா? அடியில்லாத பானைய உள்ள எறக்குவோம். மணலு சரியாது, தண்ணி மட்டும் ஊறும். இதுகூடத் தெரியாத ஆளுக்கா அரமனையில சோறு போடுறாங்க?"

கொற்றன் துள்ளி எழுந்தான்.

அன்றே மூங்கில் வந்தது. ஒன்றரைச் சாண் நீளத்தில் வெட்டி, கணுக்களைக் குடைந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடிப்பக்கம் சுற்றிலும் துளை போட்டார்கள். வயலுக்கு ஒன்றாக, துளையுள்ள பக்கத்தை மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கி, குழாய்க்குள் அடைத்த சேற்றை வழித்து எடுத்தார்கள். மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதே மட்டத்தில் குழாய்க்குள்ளும் வந்து நின்றது.

முதல் நாள் தண்ணீர் மண்ணுக்குக் கீழே மூன்று விரலில் நின்றது. மறுநாள் ஐந்தில். குடியானவர்கள் மண்வெட்டியோடு மதகைச் சூழ்ந்தார்கள். "திறக்கிறியா, உடைக்கட்டுமா?" கொற்றன் மாராயியைக் குழாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னான். "இருக்குடா தண்ணி, கெடக்கு!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்த, மண்வெட்டிகள் தாழ்ந்தன. எட்டு விரல் இறங்கிய அன்று மதகைத் திறந்தான், மறுநாள் மூடினான். ஒரு பயிர்கூட வாடவில்லை.

பத்தாம் நாள் அரசர் வந்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பயிருக்கிடையில் சேறுதான் தெரிந்தது. வாளை உருவிய காவலன் ஒருவன் கொற்றனுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"தண்ணீர் எங்கே?" என்றார் திருமேனியார், வாயெல்லாம் பல்லாக.

"அரசே, சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும்."

அரசர் குதிரையிலிருந்து இறங்கி வரப்பில் மண்டியிட்டார். குழாய்க்குள் தண்ணீர் பளபளத்தது.

"ஊற்றி வைத்திருக்கிறான்!" என்று பிரதானி கூவினார்.

"அப்படியானால் தாங்களே இறைத்துவிடலாம், ஐயா."

திருமேனியார் பட்டு வேட்டியோடு சேற்றில் இறங்கி, குழாய்ச் சேற்றை வழித்த கரண்டியால் கடைசிச் சொட்டுவரை மொண்டு வீசினார். குழாய் வெறுமையாகக் கிடந்தது. காவலன் வாளை உயர்த்தினான். கொற்றன் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு துளை ஈரமானது. அடுத்து இன்னொன்று. பிறகு தண்ணீர் மெல்ல ஏறி, பழைய மட்டத்துக்கு வந்து நின்றது.

அரசர் ஒவ்வொரு வயலாகக் குனிந்து பார்த்தார். எல்லாக் குழாயிலும் தண்ணீர் இருந்தது. ஏரியிலோ பத்து நாளில் மூன்று நாள் அளவுத் தண்ணீர்தான் குறைந்திருந்தது. நிமிர்ந்தபோது பிரதானியின் தாடியில் சேறு வழிவதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். யோசனை தந்தவள் மாராயி என்று கொற்றன் அவளைச் சுட்டிக்காட்டினான்.

"காண வேண்டும் என்றேன், கண்டுவிட்டேன்! கொற்றா, மதகின் அதிகாரம் இனி உனக்கே. மாராயியின் வயல் இறையிலி; அதற்கு இனி வரியே கிடையாது. தினமும் குழாய்களைக் குனிந்து அளக்கும் வேலை திருமேனியாருக்கு!"

அன்று மாலையே ஊர்தோறும் பறையறைந்தார்கள்: வயலுக்கு ஒரு மூங்கில். தண்ணீர் மண்ணுக்குக் கீழே எட்டு விரல் இறங்கினால் பாய்ச்சு. அதுவரை மடையை மூடு. கதிர் பூக்கும் வாரம் பயிர் தாகம் பொறுக்காது; அப்போது மட்டும் வயலில் மூன்று விரல் தண்ணீர் நிற்கட்டும்.