கரை தாண்டிய ஒரு பிடி மண்

முன்னொரு காலத்தில், ஏரிக்கென்றே சட்டம் போட்ட ராஜா ஒருவர் இருந்தார். செங்கல் சூளைக்காரர்கள் ஏரியைக் கண்டபடி தோண்டிப் பறவைகளை விரட்டிவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். "ஏரி மண் ஒரு பிடிகூடக் கரை தாண்டக் கூடாது. அங்கே அடையும் பறவை ஒன்றுகூடக் கலையக் கூடாது. மீறினால் நாடு கடத்தல்!" என்று பறையறைவித்தார்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பத்து வருஷம் தூர் எடுக்காத ஏரி, தட்டு மாதிரி ஆகிவிட்டது. போன மழையில் கரை உடைந்து குயவர் தெருவில் பாதி போயிற்று. விகடகவி அம்பலத்தானின் வீடும் அந்தத் தெருவில்தான்.

"மகாராஜா, மழைக்கு முன் தூர் எடுக்காவிட்டால் மீதித் தெருவும் போய்விடும்" என்று அவன் சபையில் முறையிட்டான்.

அவன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரி வச்சிரராயர் முந்திக்கொண்டார். "பிரபு, அம்பலத்தானே செய்யட்டும். நாற்பது நாளில் ஏரி ஓர் ஆள் ஆழம் கூட வேண்டும். சட்டம் மட்டும் இம்மியும் மீறப்படக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, வேடிக்கை பார்க்கும் ஆசையில்.

ஆனால் என்ன மூளையப்பா அம்பலத்தானுக்கு! பறவைகள் இரை தேடப் பறந்த பிறகே ஆட்களை ஏரியில் இறக்கினான். அவை திரும்புமுன் கரையேற்றினான். வெட்டிய மண்ணை ஏரிக்கு நடுவிலேயே கொட்டி மூன்று திட்டு எழுப்பினான். கரையில் தொட்டி வைத்து, கால் கழுவாமல் ஒருவரையும் விடவில்லை. கழுவிய தண்ணீரும் ஏரிக்கே போயிற்று.

நாற்பதாம் நாள் மந்திரி குற்றம் தேடிச் சேற்றிலெல்லாம் நடந்தார். திரும்பும்போது, தொட்டியருகே நின்ற குயவப் பெண் செங்கமலம் மறித்தாள்.

"சாமி, காலைக் கழுவிட்டுப் போங்க."

"நான் என்ன மண் சுமக்கிற கூலியா?" என்று சீறிவிட்டு நேரே அரண்மனைக்குப் போனார்.

"பிரபு, இவ்வளவு வெட்டியும் ஒரு பிடி மண்கூடவா வெளியேறியிருக்காது? அம்பலத்தான் சட்டத்தை மீறிவிட்டான்!"

"மண் வெளியேறியது உண்மைதான், மகாராஜா" என்றான், அவர் பின்னாலேயே வந்து நின்ற அம்பலத்தான் பணிவாக. "மற்றதெல்லாம் ஏரிக்குள்ளேயே திட்டாக நிற்கிறது. ஒரே ஒரு பிடி மட்டும் கரை தாண்டிவிட்டது."

"எங்கே அது?"

"வாசலிலிருந்து மந்திரியார் நிற்கும் இடம்வரை தரையைப் பார்த்தருள வேண்டும்."

சபையே குனிந்து பார்த்தது. வழவழப்பான தரை நெடுக வச்சிரராயரின் சேற்றுக் காலடிகள்! ராஜா கிரீடம் சரியும் அளவுக்குச் சிரித்தார்.

"வச்சிரராயரே, நாடு கடத்தட்டுமா?"

அம்பலத்தானே குறுக்கிட்டான். "வேண்டாம் மகாராஜா. மண் திரும்ப ஏரிக்குப் போனால் போதும்."

மந்திரி தரையைச் சுரண்டி, கூடையில் எடுத்துக்கொண்டு, குயவர் தெரு வழியாகவே நடந்தார்.

அந்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரை அசையவில்லை. குயவர் தெருவில் ஒரு வாசற்படியிலும் ஏரித் தண்ணீர் ஏறாமல் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். திட்டுகளில் பறவைகள் கூடு கட்டின.

மழை விட்டதும் அவற்றைப் பார்க்க வந்த ராஜா, தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தானுக்கு அணிவித்து, ஏரியின் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்தார். பிறகு சேற்றுக் காலோடு தேரில் ஏறப் போனவர், தொட்டியருகே இருந்த செங்கமலத்தைக் கண்டு நின்றார். ராஜா சிரித்துக்கொண்டே வந்து தொட்டியில் காலை வைத்தார்.