முதலாளியை விடாமல் பிடித்த மூவர்

கூறுப்பாளையம் சோடா கம்பெனியில் பொன்னுரங்கம், காத்தமுத்து, மாராத்தாள் ஆகிய மூவரும் இருபது வருஷமாகப் பாட்டில் கழுவி வந்தார்கள். ஆடி முடிந்ததும் கம்பெனியை மூடப்போவதாக முதலாளி அங்கண்ணன் சொன்ன அன்று, மூவருக்கும் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் வேலை வழிகாட்டி முகாம் நடந்தது. மூவரும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முகாமை நடத்திய தமயந்தி மேடம் பொறுமையாகச் சொன்னார்:

"மூணே விஷயம். பயோடேட்டா எப்பவும் கையோட இருக்கணும். அஞ்சு வருஷம் கழிச்சு எந்த நாற்காலியில உட்காரணும்னு இன்னைக்கே முடிவு பண்ணணும். பழைய முதலாளியை மட்டும் விட்டுடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் பேனா தேடினார்கள். காகிதம் தேடவில்லை. பொன்னுரங்கம் மணிக்கட்டில் பெயரை ஆரம்பித்து, அனுபவத்தை எழுதும்போது முழங்கையைத் தாண்டிவிட்டார். மாராத்தாளுக்கு இடக்கைப் பழக்கம். அதனால் வலது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மறுநாள் கண்ணீரோடு வந்து நின்றார்.

"அண்ணா, ரசஞ்சோறு பெசஞ்சேனுங்க. எட்டாங்கிளாஸ் போயிருச்சு."

"மொத்தப் படிப்புமா?"

"அஞ்சாவது வரைக்கும் நிக்குதுங்க."

"அப்ப இனிமே அஞ்சாவதுன்னே சொல்லு. பொய் சொல்லப்படாது" என்றார் பொன்னுரங்கம்.

அடுத்தது நாற்காலி. ஊரிலேயே பெரிய நாற்காலி பிஸ்கட் கம்பெனி மேனேஜருடையது.

"அதுக்குள்ள வேற எவனாச்சும் உட்கார்ந்துட்டா?" என்று காத்தமுத்து கேட்டார். நியாயமான கேள்வி. மூவரும் வெகுநேரம் யோசித்து, பஸ்ஸில் எப்படி இடம் பிடிக்கிறோமோ அப்படியே பிடிப்பது என்று தீர்மானித்தார்கள்.

மேனேஜர் டீ குடித்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது, அவருடைய நாற்காலியில் ஈரத் துண்டு ஒன்று விரித்துக் கிடந்தது. பக்கத்தில் மூன்று பேர்.

"யாருது இது?"

"எங்களதுங்க சார். அஞ்சு வருஷம் கழிச்சு வர்றோம். அதுவரைக்கும் நீங்க தாராளமா உட்காருங்க."

"மூணு பேருக்கும் ஒரே நாற்காலியா?"

"ஒட்டி உட்கார்ந்துக்குவோமுங்க."

மேனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "உங்களைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க முதலாளி வாசல்ல இருக்காருங்க."

இருந்தார். மூன்று நாளாக அவரை இவர்கள் விடவில்லை. முறை வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முடிவெட்டும் கடையில்கூட அவர் ஒரு கையை இவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இப்போது அந்தக் கையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார்கள்.

அங்கண்ணனோடு மேனேஜர் பத்து நிமிஷம் பேசினார். முதலாளி நிதானமான மனுஷர், கம்பெனி நடத்திய அனுபவம் உள்ளவர். குடோனைப் பார்த்துக்கொள்ள அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். மூவரையும் பார்த்து, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்.

வெளியே வந்ததும் காத்தமுத்து பொன்னுரங்கத்தைக் கட்டிக்கொண்டார். "முதலாளிக்கு வேலை கிடைச்சிருச்சு! நாம அவருகிட்டத்தானே வேலை பார்க்கிறோம்? அப்ப நம்ம வேலையும் போகலை!"

ஆடி முடிந்து சோடா கம்பெனி மூடிய மறுநாள் காலை எட்டு மணிக்கு மூவரும் குடோன் வாசலுக்கு வந்து சுவரோரமாக நின்றார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

பத்தாம் நாள் மாராத்தாள் தயங்கித் தயங்கி முதலாளியிடம் போனார்.

"நாளைக்கு ஒரு கல்யாணமுங்க. மூணு பேருக்கும் லீவு வேணுமுங்க."

அங்கண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மூவரையும் கடுமையாகப் பார்த்தார்.

"மூணு பேரும் போயிட்டா இங்க வேலை என்னாகிறது? யாராச்சும் ஒருத்தர் போயிட்டு வாங்க. மத்த ரெண்டு பேரும் நில்லுங்க."